குதிரின் சுவரை எவர் எடைபோடுவார்?

சற்றே நீண்ட பதிவு. தாராவியைப் பற்றியும் மணலைப் பற்றியும் ஒருசேர எழுதவேண்டிய நிலைக்கு என்னைத் தள்ளியவர்கள் என் துறையைச் சேர்ந்தவர்களே. ஆகவே பொறுமையுடன் வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அண்மையில் இந்நகரில் நடந்த கருத்தரங்கு ஒன்றில், ஏழைக் குடும்பங்களின் நுகர்வு இடர் குறித்து உரையாற்றிய ஒருவர் மூன்று கூற்றுகளை அடுத்தடுத்து வைத்தார். முதலாவது: தாராவி ஒரு மணற்குவியலை ஒத்தது, எவரும் திட்டமிடாமலே தன்னை நிலைநிறுத்திக்கொள்வது, அவ்வப்போது நிகழும் சரிவுகள் அதன் இயல்பு. இரண்டாவது: அங்குள்ள குடும்பங்கள் ஒன்றுக்கொன்று கைகொடுத்துத் தம் நுகர்வைச் சீராக வைத்துக்கொள்கின்றன, இதற்கு ஆய்வுச் சான்று உண்டு. மூன்றாவது: ஆகவே மறுகுடியமர்த்தலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, மணலை ஓரிடத்தில் அள்ளி வேறோரிடத்தில் கொட்டினாலும் அது மீண்டும் குவியலாகவே நிற்கும். அரங்கம் தலையசைத்தது.

நான் மாட்டுங்காவில் இயற்பியல் படித்துப் பின்னர் பொருளியலுக்கு வந்தவன். செம்பூரில் வசிக்கிறேன். என் பெரியம்மா தாராவியில் நாற்பது ஆண்டுகளாக இட்லி அவித்து விற்றவர். இந்த மூன்று இடங்களுக்கும் கடன்பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதற்கூற்று இயற்பியலில் பிழை. இரண்டாவது பொருளியலில் பாதி உண்மை. மூன்றாவது, அந்தப் பிழையின் மீதும் பாதி உண்மையின் மீதும் ஏறி நிற்கும் அநீதி.

1. மணல்

பேர் பாக், சாவ் டாங், குர்ட் வீசன்ஃபெல்டு ஆகிய மூவரும் 1987இல் ஒரு கணித மாதிரியை முன்வைத்தனர். கட்டங்கள் வரையப்பட்ட பலகையில் மணிகளை ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே போகவேண்டும். ஒரு கட்டத்தில் நான்கு மணிகள் சேர்ந்துவிட்டால் அவை அண்டைக் கட்டங்கள் நான்கிற்கும் ஒவ்வொன்றாகச் சரியும்; அங்கும் நான்கு சேர்ந்தால் அங்கிருந்தும் சரியும். வெளியிலிருந்து எவரும் சரிசெய்யாமலே இவ்வமைப்பு ஒரு விளிம்புநிலையை அடைகிறது. அங்கே சிறிதும் பெரிதுமாக எல்லா அளவுகளிலும் சரிவுகள் நிகழ்கின்றன. இதனைத் தன்னமைவு மாறுநிலை என்கிறோம். 1990இல் இதே மும்பையில், கொலாபாவிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய தீபக் தார், இம்மாதிரியின் பல பண்புகளைத் துல்லியமாகக் கணக்கிடும் வழியைக் கண்டார். 2022இல் போல்ட்ஸ்மன் பதக்கம் பெற்ற முதல் இந்தியரும் அவரே.

மாதிரியோடு எனக்கு வழக்கில்லை. அதனை ஏழைகளின் வாழ்வுக்குச் சான்றிதழாக்குவோரோடுதான் வழக்கு. ஏனெனில் இம்மாதிரி உண்மையான மணலுக்கே பொருந்தவில்லை. 1989இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுழலும் உருளையில் மணிகளை இட்டு அளந்தபோது, எல்லா அளவுச் சரிவுகளும் தோன்றவில்லை. குவியல் ஒரு மேற்கோணம் வரை ஏறியது, பின் ஒரு கீழ்க்கோணத்திற்கு மொத்தமாகச் சரிந்தது, மீண்டும் ஏறியது. 1996இல் ஆஸ்லோவில் அரிசியைக் கொண்டு சோதித்தனர். நீண்ட அரிசியில் மாதிரி சொன்ன நடத்தை தென்பட்டது. உருண்டையான அரிசியில் தென்படவில்லை. அதாவது, மணியின் வடிவம் என்ன, அது அண்டை மணியோடு எவ்வாறு உராய்கிறது என்பதைக் கேட்காமல் குவியலைப் பற்றி எதையும் சொல்ல இயலாது. அரிசிக்கே இந்தக் கேள்வி தேவையென்றால், மனிதர்க்குத் தேவையில்லையா?

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். தாரின் ஆய்வு இம்மாதிரியில் கண்ட முதன்மையான பண்பு, எந்தக் கட்டம் முதலில் சரிந்தாலும் இறுதிநிலை ஒன்றே என்பது. வரிசைக்கு அங்கே பொருளில்லை. சீட்டுப் போட்ட எந்தப் பெண்ணிடமாவது போய் வரிசைக்குப் பொருளில்லை என்று சொல்லிப் பாருங்கள். சீட்டு என்பதே வரிசையின் கலை. யார் முதலில் எடுக்கிறார், யார் கடைசிவரை காத்திருக்கிறார், யார் தள்ளி எடுக்கிறார் என்பதில்தான் ஒரு குடும்பத்தின் அந்த ஆண்டு அடங்கியிருக்கிறது.

2. குதிர்

மணற்குவியலை விட்டுவிட்டு நெற்குதிரைப் பார்ப்போம். இங்கேதான் என் வாதத்தின் நடுக்கம்பம் இருக்கிறது.

ஒரு தொட்டியில் நீரை நிரப்பினால், ஆழம் இருமடங்காகும்போது அடித்தளத்தின் மீதான அழுத்தமும் இருமடங்காகும். நெல்லை நிரப்பினால் அவ்வாறு நிகழாது. குதிரின் அகலத்தைப் போல் சில மடங்கு உயரம் வரை அடித்தள அழுத்தம் ஏறும். அதன்பின் எவ்வளவு கொட்டினாலும் ஏறாது. 1895இல் இதனை அளந்து சமன்பாடாக எழுதியவர் யான்சென் என்னும் ஜெர்மானியப் பொறியாளர். காரணம் எளியது. மணிகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் நெருக்குகின்றன. நெருக்கம் சுவரை எட்டுகிறது. சுவரில் உண்டாகும் உராய்வு மேலே கொட்டிய நெல்லின் எடையைத் தாங்கிக்கொள்கிறது. அடியில் தராசு வைத்தவருக்கு, எடை கூடவே இல்லை என்று தோன்றும். எடை எங்கும் போகவில்லை. சுவர் சுமக்கிறது. சுமக்க இயலாத நாளில் குதிர் வெடிப்பது அடியில் அன்று, பக்கவாட்டில்தான்.

இப்போது பொருளியலுக்கு வருவோம். ராபர்ட் டவுன்சென்டு 1994இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, இந்தியாவின் மூன்று ஊர்களின் குடும்பத் தரவுகளை ஆராய்ந்தது: இன்றைய தெலங்கானாவின் ஆரேபள்ளி, மகாராட்டிரத்தின் ஷிராபூர், கன்ஜாரா. ஒரு குடும்பத்தின் வருமானம் ஒரு பருவத்தில் சரிந்தாலும் அதன் நுகர்வு அவ்வளவாகச் சரியவில்லை. ஊரின் சராசரி நுகர்வு எப்படி அசைந்ததோ அப்படியே பெரும்பாலும் அசைந்தது. குடும்பங்கள் இடரைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதற்கு இது வலுவான சான்று. முழுமையான காப்பீடு என்னும் கருதுகோளைத் தரவுகள் ஏற்கவில்லை என்பதையும், ஓர் ஊரில் நிலமற்றோர்க்குக் காப்பு குறைவாகவே கிடைத்தது என்பதையும் அதே கட்டுரை சொல்கிறது. மேடைகளில் முதற்பாதி மட்டுமே ஒலிக்கிறது.

என் மறுப்பு அதனினும் அடிப்படையானது. நுகர்வு சீராக இருக்கிறது என்பது அடித்தளத்தில் வைத்த தராசின் அளவு. அதைக் கண்டு சுமையே இல்லை என்று முடிவுகட்டுவது, குதிரின் அடியை அளந்துவிட்டு நெல்லுக்கு எடையே இல்லை என்று சொல்வதற்கு ஒப்பு. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: சுவர் யார்?

3. சுவர்

1998இல் என் பெரியப்பா வேலைசெய்த தோல்பட்டறையில் அவரது கை நசுங்கியது. ஏழு மாதம் வருமானமில்லை. அப்போது பெரியம்மா இருபது பெண்கள் சேர்ந்த ஏலச்சீட்டு ஒன்றில் இருந்தார். ஆளுக்கு மாதம் 200 ரூபாய்; மொத்தம் 4,000. மருத்துவச் செலவுக்காக அவர் அதனை 3,000க்குத் தள்ளி எடுத்தார். விட்டுக்கொடுத்த 1,000 ரூபாய் இருபது பேருக்கும் ஆளுக்கு ஐம்பதாகப் பிரிந்தது. நெருக்கடியில் இருந்தவர் இழந்ததை நெருக்கடியில்லாதோர் பங்கிட்டுக்கொண்டனர். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த 3,000 இல்லையென்றால் பெரியப்பாவின் விரல்கள் இல்லை. ஆயினும், இடர்ப் பகிர்வு என்று நாம் அழகாக எழுதும் சொல்லுக்குள் இந்தக் கழிவுக் கணக்கும் அடங்கியிருக்கிறது என்பதை எழுதாமல் விடக்கூடாது.

அந்த ஏழு மாதமும் வீட்டில் அரிசி குறையவில்லை. எண்ணெய் குறையவில்லை. கணக்கெடுப்பாளர் எவராவது வந்திருந்தால் நுகர்வு சீராக உள்ளது என்றே குறித்திருப்பார். ஆனால் அக்கா பத்தாம் வகுப்போடு நின்றாள். ஜீன்ஸ் தைக்கும் பட்டறையில் நூல் வெட்டப் போனாள். பெரியம்மா இரவில் உண்பதை நிறுத்தினார், பசிக்கவில்லை என்றார். அண்ணன் பள்ளிக்குப் போனான். அந்த வீட்டுக் குதிரின் சுவர் எது என்பது இப்போது விளங்குமென நம்புகிறேன்.

இந்திய அரசின் 2023–24ஆம் ஆண்டுக் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகர்ப்புறத்தில் ஒருவருக்குச் சராசரி மாதச் செலவு 6,996 ரூபாய். குடும்பத்தின் செலவைத் தலைகளால் வகுத்துப் பெறும் எண் இது. வகுத்தபின் அக்காவுக்கும் அண்ணனுக்கும் ஒரே எண்தான் வரும். குடும்பத்தை ஒரே மணியாகக் கொள்ளும் பொருளியல், அந்த மணிக்குள் இன்னொரு குவியல் இருப்பதைக் காண மறுக்கிறது.

மணிகளுக்கிடையிலும் சுமை சமமாகப் பரவுவதில்லை. 1995இல் சிகாகோ ஆய்வாளர்கள் கண்ணாடி மணிகள் நிறைந்த கலத்தின் அடியில் கார்பன் தாளை வைத்து, ஒவ்வொரு மணியும் எவ்வளவு அழுத்துகிறது என்று அளந்தனர். சராசரியைப் போல் பன்மடங்கு சுமையேற்கும் மணிகள், நாம் வழக்கமாக எதிர்பார்க்கும் மணிவடிவ வளைகோடு சொல்வதைக் காட்டிலும் மிகுதியாக இருந்தன. ஒளிபுகும் வட்டுகளை அடுக்கித் தளவிளைவுற்ற ஒளியில் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். சில வட்டுகளின் வழியாக மட்டும் ஒளிக்கோடுகள் கிளைபிரிந்து ஓடும். அருகிலுள்ள பல வட்டுகள் இருளில் சும்மா கிடக்கும். இக்கோடுகளே விசைச் சங்கிலிகள். ஒரு தெருவிலும் இவ்வாறே. அவசரத்திற்கு ஐந்நூறு ரூபாய் கேட்டு எல்லோரும் தட்டும் கதவு ஒன்றிரண்டுதான்.

அந்தச் சங்கிலிகள் எவ்வழியே ஓடுகின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்தோரின் சீட்டும், கடைவைக்க வந்தோரின் சீட்டும் தாராவியில் பெரும்பாலும் ஒன்றாகக் கலப்பதில்லை. சங்கிலி சாதிவழியே ஓடுகிறது. கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்சுவைக்கும் தாராவிக்கு அண்மையிலுள்ள தாதரில் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில் கண்டது இது: சாதிவழி வேலைவாய்ப்பு வலைக்குள் இருந்த உழைப்பாளர் குடும்பங்கள் தம் ஆண்பிள்ளைகளை மராத்திப் பள்ளிக்கே அனுப்பின, அவ்வலைக்கு வெளியில் விடப்பட்டிருந்த பெண்பிள்ளைகளே ஆங்கிலக் கல்வியின் பயனை விரைந்து பற்றினர். அவர்களே 2016இல், சாதிவழிக் காப்பீட்டை இழக்க அஞ்சியே கிராமத்து ஆண்கள் நகரத்துக் கூலி உயர்வை நாடிப் பெயராமல் இருக்கின்றனர் என்று வாதிட்டனர். தாங்கும் சங்கிலியே கட்டும் சங்கிலியுமாகும். ஆகவே தாராவியின் தாங்குதிறனைப் பாராட்டி ஆவணப்படம் எடுப்போரோடும் எனக்கு உடன்பாடில்லை. இருப்புப்பாதைக்கு அப்பால் மாட்டுங்காவில் அதே தமிழ் பேசும் குடும்பங்களுக்கு வருங்கால வைப்புநிதி இருந்தது, ஓய்வூதியம் இருந்தது, 1932இலேயே தொடங்கிய கல்விச் சங்கம் இருந்தது. அவர்களது தாங்குதிறனை எவரும் பாராட்டுவதில்லை. அதற்குத் தேவை எழவில்லை.

4. திசை

மைக்கேல் கேட்சும் உடனாய்வாளர்களும் 1998இல் முன்வைத்த ஒரு கருத்து, நான் இயற்பியலில் படித்தவற்றுள் பொருளியலுக்கு மிகவும் பயன்படுவது. குறுமணிகள் நெருக்கமாகி நிற்கும்போது, எந்தத் திசையிலிருந்து வந்த சுமை அவற்றை அவ்வாறு அடுக்கியதோ அந்தத் திசைச் சுமையை அவை உறுதியாகத் தாங்கும். சுமை வேறு திசையில் சிறிதளவே வந்தாலும் சங்கிலிகள் முறிந்து, மணிகள் இடம்மாறி, புதிதாக அடுக்கப்படும். அதனை அவர்கள் நொறுங்கியல் பொருள் என வகுத்தனர்.

தாராவியின் சீட்டும் கைமாற்றும் அடுக்கப்பட்டது தனியிடர் என்னும் திசைக்காக. ஒரு வீட்டில் கை நசுங்கும்; மற்றப் பத்தொன்பது வீடுகளில் நசுங்காது. 2020 மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கியபோது சுமை வேறு திசையில் வந்தது. ஏப்ரல் 1இல் தாராவியில் முதல் தொற்று உறுதியானது. இட்லி விற்றவரும் அவரிடம் வாங்கி விற்றவரும், சீட்டுப் பிடித்தவரும் கட்டியவரும், ஒரே நாளில் வருமானம் இழந்தனர். பெரியம்மாவின் சீட்டு ஐந்தாம் மாதத்தில் நின்றது. முன்னரே எடுத்தவர்கள் கட்ட இயலவில்லை. கட்டிக்கொண்டே வந்தவர்கள் எடுக்க இயலவில்லை. அதே ஆண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர், தொற்றைக் கட்டுப்படுத்தியதற்காகத் தாராவியை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார். நோயைப் பொறுத்தவரை அப்பாராட்டு தகும். வயிற்றைப் பொறுத்தவரை எவர் எதை அடகுவைத்தார் என்ற கணக்கு அந்தப் பாராட்டில் இல்லை.

ஏழைகள் ஒருவரையொருவர் காத்துக்கொள்கின்றனர், அரசு விலகி நிற்கலாம் என்போர் இதைக் காணவேண்டும். அரசு ஒன்றே வெளியிலிருந்து தாங்கக்கூடிய சுமை பொது இடர். அங்கேதான் அது விலகி நிற்க விரும்புகிறது.

5. அள்ளுதல்

இனி மூன்றாம் கூற்று. மணலை அள்ளி வேறோரிடத்தில் கொட்டுவது.

ஒரே மணலை ஒரே கூம்பாகக் குவித்தாலும், புனலின் வழியாக ஒரு புள்ளியில் கொட்டினால் கூம்பின் நடுவடியில் அழுத்தம் சுற்றுப்புறத்தைவிடக் குறையும். சல்லடையின் வழியாக மழைபோல் பரவலாகத் தூவினால் அந்தக் குழிவு தோன்றாது. இதனை 1999இல் சோதனையால் காட்டினர். வெளித்தோற்றம் ஒன்றே, உள்ளே சுமை ஓடும் வழிகள் வேறு. குவியல் தன் வரலாற்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. அள்ளிக் கொட்டினால் மணல் மிஞ்சும், வரலாறு மிஞ்சாது.

2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலமெடுத்த தாராவி மறுசீரமைப்புத் திட்டம், குடும்பங்களை எவ்வாறு பிரிக்கிறது என்று பாருங்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசித்தோர்க்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, விலையின்றி. அதன்பின் 2011 வரை வந்து தரைத்தளத்தில் இருப்போர்க்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. அதற்கும் பின் வந்தோர்க்கும் மேல்தளங்களில் இருப்போர்க்கும் வெளியே வாடகை வீடு, பின்னாளில் விலைக்கு வாங்கிக்கொள்ளும் வாய்ப்புடன். வெளியே என்றால், எங்கள் செம்பூரை அடுத்த தேவ்னார் குப்பைமேட்டு நிலமும், முலுண்டு, பாண்டுப், காஞ்சூர்மார்க் பகுதிகளின் உப்பள நிலங்களும் இதற்கென ஒதுக்கப்பட்டுள்ளன.

ஒரு தேதியும் ஒரு தளமும். இவ்விரண்டு கோடுகளால் குவியல் அறுக்கப்படுகிறது. பெரியம்மா இன்று பிடிக்கும் சீட்டில் இருபது பெண்கள். அவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார்: ஒன்பது பேர் உள்ளே இருப்பார்கள், நால்வர் பணம் கட்டினால் வெளியே வீடு, ஏழு பேர் மாடியில் குடியிருப்போர். அந்த எழுவருள் ஒருத்திதான் அவரது பேத்தியைப் பகலில் பார்த்துக்கொள்பவள். பதிவுபெற்ற நிறுவனத்தில் சீட்டுப் போடலாமே என்று ஒருமுறை கேட்டேன். "ஆபீசுல இருக்கவனுக்கு என்னய்யா தெரியும்? எவ வீட்ல அடுப்பு எரியலன்னு எனக்குல்ல தெரியும்" என்றார். ஸ்டீபன் கோட்டும் மார்ட்டின் ரவாலியனும் 1993இல் சமன்பாடுகளால் காட்டியதும் இதுவே. சட்டத்தின் கட்டாயமில்லாத கைமாற்று நிலைப்பதற்கு, நாளையும் நாளை மறுநாளும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவேண்டும். குறுமணிகளுக்கு உராய்வு எதுவோ, சீட்டுக்கு ஒரே சந்தில் வாழ்வது அது. உராய்வில்லாத மணிகளைக் கொண்டு எவரும் குவியல் எழுப்ப முடியாது.

இது வெறும் உவமை, சான்று எங்கே என்று கேட்கலாம். அகமதாபாத்தில் இருக்கிறது. அங்கே 1987இல் ஏழைப் பெண் தொழிலாளர்க்கு நகரின் வெளிப்புறத்தில் வீடுகள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டன. ஷாரன் பார்ன்ஹார்ட், எரிக்கா ஃபீல்டு, ரோகிணி பாண்டே ஆகியோர், வீடு கிடைத்துப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர்களைத் தேடிச் சென்று ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். குலுக்கலில் வென்றோருள் 34 விழுக்காட்டினர் அங்குக் குடிபோகவே இல்லை. 32 விழுக்காட்டினர் போய்விட்டுப் பின்னர் வெளியேறினர். வீட்டின் தரம் உயர்ந்தது. குடும்ப வருமானம் உயரவில்லை; பிள்ளைகளின் நிலையில் முன்னேற்றமில்லை. உறவினரிடமிருந்தும் சாதிவழி வலையிலிருந்தும் அவர்கள் விலகிப்போயிருந்தனர். அவசரத்தில் கைகொடுக்க ஆளில்லாமல் முறைசாராக் காப்பீட்டை இழந்திருந்தனர். குலுக்கல் என்பதால் இதனை ஆள்வேறுபாட்டின் மீது பழிபோட்டுத் தப்பவும் இயலாது.

இந்நகரின் நினைவிலும் இருக்கிறது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மே மாதம், டிராம்பேயில் தமிழர் பெருந்திரளாக வாழ்ந்த ஜனதா காலனி, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக இடிக்கப்பட்டது. மக்கள் சீத்தா கேம்ப்புக்குப் பெயர்க்கப்பட்டனர். அதனை எதிர்த்து நின்றவர் கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம். அந்தப் போராட்டம் தோற்றது. அந்தத் தோல்வியிலிருந்து அவர் கற்றது தோற்கவில்லை. பின்னாளில் மகிளா மிலனின் நடைபாதைப் பெண்களோடு இணைந்து அவரது அமைப்பு வீடுவீடாகச் சிறுசேமிப்பைத் திரட்டியது. தம் குடிசைகளைத் தாமே கணக்கெடுத்தது. நாள்தோறும் ஒருத்தி வந்து ஐந்தோ பத்தோ வாங்கிச் செல்வதில், எவ்வீட்டில் என்ன நிகழ்கிறது என்ற அறிவும் திரண்டது. விசைச் சங்கிலியை மனிதரிடம் அளக்க அதனினும் நல்ல கருவி எனக்குத் தெரியாது.

இதற்கு மாறான பாடமும் செம்பூரிலேயே உண்டு. தான்சா குடிநீர்க் குழாயோரம் இருந்த குடும்பங்கள் 2017இல் அகற்றப்பட்டு, சுத்திகரிப்பு ஆலைகள் சூழ்ந்த மாகுலுக்கு அனுப்பப்பட்டன. வீடு கொடுத்தாயிற்று என்று கோப்பு முடிந்தது. காற்று நஞ்சாயிருந்ததை மக்கள் நீதிமன்றத்தில் நிறுவவேண்டியிருந்தது. 2019இல் மும்பை உயர் நீதிமன்றம், அங்கே வாழும்படி எவரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று சொல்லவேண்டியிருந்தது.

6. மறுப்புகளும் கோரிக்கைகளும்

அப்படியானால் தாராவி இப்படியே கிடக்கட்டும் என்கிறாயா என்று கேட்போர் உண்டு. இல்லை. பொதுக் கழிப்பறை வரிசையில் நின்று பள்ளிக்குப் பிந்திய ஒருவனிடம் அதைக் கேட்காதீர்கள். தண்ணீர் வேண்டும், கழிப்பறை வேண்டும், வெயில் நுழையும் சாளரம் வேண்டும். சாதிவழிச் சங்கிலியினின்று விடுபடும் உரிமையும் வேண்டும். ஆனால் ஒருவர் தாமே ஒரு சங்கிலியிலிருந்து விலகி நடப்பதும், அச்சங்கிலியை அரசு அறுத்தெறிந்துவிட்டு மாற்றாக எதையும் தராமல் போவதும் ஒன்றன்று.

என் கோரிக்கைகள் நான்கு. முதலாவது, 2024 மார்ச்சில் தொடங்கிய கணக்கெடுப்பு சதுர அடியையும் தேதியையும் தளத்தையும் கேட்கிறது. யாரிடம் கடன் வாங்குகிறீர்கள், யாருக்குக் கொடுக்கிறீர்கள், உங்கள் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார் என்பதையும் கேட்கவேண்டும். இரண்டாவது, சீட்டும் குழந்தைப் பராமரிப்பும் பகிரும் குடும்பக் கொத்துகளை, தேதி தளம் பாராமல், அவர்கள் விரும்பினால் ஒன்றாகவே குடியமர்த்தவேண்டும். 2000ஐ ஒட்டி இருப்புப்பாதையோரக் குடும்பங்களைப் பெயர்த்தபோது, கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து குழுக்களாகக் குடிபோன முன்மாதிரி இந்நகரிலேயே உண்டு. மூன்றாவது, பெயரும் ஆண்டுகளில் அறுபடும் காப்பீட்டிற்கு ஈடாக ஒவ்வொரு குடும்பத்திற்கும் மாதந்தோறும் பணமாக உதவி வேண்டும். வீட்டு வாடகை மட்டும் போதாது. நான்காவது கோரிக்கை என் துறையினருக்கு. சீரான நுகர்வைச் சான்றாகக் காட்டும் ஒவ்வொரு கட்டுரையிலும், அந்தச் சீர்மைக்காகப் பள்ளியை விட்டவர் யார், உணவை விட்டவர் யார், நகையை விற்றவர் யார் என்று ஒரு அட்டவணை சேர்க்கவேண்டும். தரவு இல்லையென்றால், முடிவையும் அந்த அளவுக்குச் சுருக்கிக்கொள்ளவேண்டும்.

கருத்தரங்கு முடிந்தபின் உரையாளரிடம் ஒரு கேள்வி கேட்டேன். உங்கள் தரவில் அக்காக்கள் எங்கே இருக்கிறார்கள்? குடும்பம் என்பதற்குள் அடங்கிவிடுகிறார்கள் என்றார். நேர்மையான விடை. அவர் தீயவரல்லர், அடித்தளத்தில் தராசை வைத்துவிட்டு அளவைச் சரியாகப் படித்தவர்.

அக்காவுக்கு இப்போது நாற்பத்துமூன்று வயது. நூல் வெட்டிய பட்டறையிலேயே இன்று தையல் மேற்பார்வை. அவள் இருப்பது மாடி வீட்டில். பட்டியலின்படி அவள் வெளியே, பெரியம்மா உள்ளே.